பேச்சைப் பிள்ளைகளே எழுதட்டும்

தொடக்கப் பள்ளிப் பேச்சுப் போட்டிகளை நடத்தும் கல்வி அலுவலர்களுக்கும், நடுவர்களாக வந்து அமரும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

நான் நான்காம் வகுப்பு ஆசிரியை. வள்ளலார் பிறந்த அக்டோபர் 5-ஐத் தனிப்பெருங்கருணை நாள் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தபோது மனதார மகிழ்ந்தவள். அந்த நாளையொட்டிப் பேச்சுப் போட்டி வைத்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். அப்பாவோ டீச்சரோ கைப்பேசியில் தேடி ஒரு பக்கம் எழுதித் தருவார்கள். பிள்ளை அதை ஒரு வாரம் உருப்போடும். அவையோருக்கு வணக்கம் சொல்லி, வாடிய பயிரைத் தொட்டு, எங்கே கையை உயர்த்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதுவரை பழக்கிவிடுவோம். நடுவில் ஒரு வரி மறந்தால் மேடையிலேயே அழுதுவிடும். நானும் பல வருடம் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

போன வருடம் நிறுத்தினேன். "இந்த வாரம் யார் கஷ்டப்பட்டதைப் பார்த்தீர்கள்? பார்த்ததை மட்டும் எழுதுங்கள்" என்றேன். பாதிப் பேர் டிவியில் பார்த்த வெள்ளத்தை எழுதினார்கள். ஒரு பையன் வாலில் புண்ணோடு திரியும் நாயைப் பற்றி எழுதினான். ஒரு சிறுமி எழுதியது மூன்றே வரி: "காலைச் சாப்பாடு செய்யும் அக்கா கையில் சூடு பட்டிருக்கிறது. பொங்கல் போடும்போது கையை மடக்கவே இல்லை. பாவம்."

"அக்காகிட்ட கேட்டியா?" என்றேன். கேட்கவில்லை. சரி, கேட்டுவிட்டு வா என்று அனுப்பினேன்.

மறுநாள் பாத்திரம் கழுவும் இடத்தில் போய் நின்று கேட்டிருக்கிறாள். அக்கா சொன்னாராம்: "சூடு ஆறிடும் கண்ணு. விடியறதுக்கு முன்னாடி இருட்டுல வர்றதுதான் பயமா இருக்கு. குளத்தங்கரை விளக்கு எரியறதே இல்ல." வந்ததும் நோட்டை எடுத்து "பாவம்" என்ற சொல்லை அடித்தாள். அப்புறம் அவள் எழுதியதெல்லாம் அந்தத் தெருவிளக்கைப் பற்றித்தான். மூன்று முறை திருத்தி எழுதினாள். மேடையில் இதைச் சொல்லலாமா என்று அக்காவிடம் அனுமதியும் கேட்டுவிட்டு வந்தாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒன்பது வயதில் பேச்சு எழுதப் பழகுவதும் இரக்கம் பழகுவதும் ஒரே வேலைதான் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. போய்க் கேட்காமல் அடுத்த வரி வராது.

போட்டியில் அவள் பேசியது ஒன்றரை நிமிடம். மேற்கோள் இல்லை, ஏற்ற இறக்கம் போதாது என்று மதிப்பெண் குறைந்தது. பரிசு வாங்கிய பேச்சை நான் முந்தைய வருடமே கேட்டிருந்தேன், வேறொரு பிள்ளையின் வாயிலிருந்து, வரிக்கு வரி. அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை. பாவம், ஒரு வாரம் உழைத்திருக்கும். நாம் கேட்டதைத்தான் அது தந்தது.

வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அவர் பெயரால் நடக்கும் போட்டியில், நம் பள்ளி அடுப்படியில் நிற்கும் ஒருவரைப் பற்றிப் பேசிய பிள்ளைக்கு மேற்கோள் இல்லை என்று மதிப்பெண் குறைத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். தலைப்பைப் பத்து நாள் முன்னால் கொடுங்கள். பேச்சை வகுப்பு நேரத்தில், பள்ளியிலேயே பிள்ளைகள் எழுதட்டும். மேடையில் தாளைப் பார்த்துப் பேச விடுங்கள். கூச்சப்படும் பிள்ளை உட்கார்ந்தபடி பேசட்டும். ழகரம் சரியாக வர வேண்டும் என்பது எனக்கும் ஆசைதான். அதை நான் தமிழ்ப் பாடத்தில் பார்த்துக்கொள்கிறேன். பேசி முடித்ததும் நடுவர் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை நீ எங்கே பார்த்தாய்?" மதிப்பெண்ணில் பாதியை அந்தப் பதிலுக்குக் கொடுங்கள்.

அவளுடைய பேச்சையே விண்ணப்பமாக மாற்றி, வகுப்பில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். விளக்கு இன்னும் எரியவில்லை. இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கிறாள். இந்த அக்டோபரிலும் அதைத்தான் பேசப் போகிறாளாம். வந்து கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை