மஞ்சள் கட்டத்துக்கு ஒரு கூரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிங்கப்பூரின் துவாஸில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் பின்பக்கத்தில், புகைபிடிப்பவர்களுக்கென்று தரையில் மஞ்சள் கோடு போட்டு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வெயில் நாளில் எல்லாரும் அதற்குள்தான் நிற்கிறார்கள். பிற்பகலில் இடியுடன் மழை பிடித்துக்கொண்டால், ஏழெட்டுப் பேர் உணவகத்துக்குச் செல்லும் கூரைபோட்ட நடைபாதைக்கு ஓடிவந்துவிடுகிறார்கள். சென்ற வாரம், கர்ப்பிணியான சக ஊழியர் ஒருவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர்களைக் கடந்து போனார். மழை விட்டபின், துப்புரவு வேலை செய்யும் அம்மா ஒருவர், ஊறிப்போன சிகரெட் துண்டுகளைக் கால்வாய்க் கம்பிகளின் இடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

2019 ஜனவரி 1 முதல் ஆர்ச்சர்ட் சாலை வட்டாரத்தில் ஒதுக்கப்பட்ட இடங்களில் மட்டுமே புகைபிடிக்கலாம் என்ற நடைமுறை வந்தது. இடத்தை ஒதுக்குவதில் காட்டும் அக்கறையை, அதை அமைப்பதிலும் வேலையிடங்கள் காட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கூரை என்றதும் நான்கு பக்கமும் கண்ணாடி வைத்து அடைத்துவிடக் கூடாது. கூட்டிப் பெருக்க வரும் தொழிலாளிதான் உள்ளே தேங்கிய புகையைச் சுவாசிக்க நேரிடும். இங்கிலாந்தில் மூடிய பொது இடங்களிலும் வேலையிடங்களிலும் புகைபிடிக்க 2007 ஜூலை 1 அன்று தடை நடப்புக்கு வந்தபோது, கூரையுள்ள இத்தகைய கொட்டகையின் சுவர்ப்பரப்பில் குறைந்தது பாதியாவது நிரந்தரமாகத் திறந்திருக்க வேண்டும் என்றும், திறந்து மூடும் கதவும் சன்னலும் அந்தக் கணக்கில் சேராது என்றும் விதித்தார்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இரண்டு பக்கம் முழுவதும் திறந்திருப்பதே நல்லது. கூரையை ஒரு பக்கம் உயர்த்திச் சாய்வாகப் போட்டால் புகை தேங்காமல் மேலேறிப் போய்விடும்; சாரல் அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் மறைப்பு போதும். வடகிழக்கு, தென்மேற்கு என்று பருவக்காற்று திசை மாறும் ஊர் இது என்பதால், இரண்டு பருவத்திலும் காற்று எங்கே போகிறது என்று பார்த்த பிறகே, வாசல், குளிரூட்டிக்கு வெளிக்காற்று இழுக்கும் துவாரம், எரிவாயு உருளைகளும் கரைப்பான்களும் வைக்கும் கிடங்கு ஆகியவற்றுக்குத் தள்ளி இடம் பார்க்க வேண்டும். அதற்காக வளாகத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோனால், பத்து நிமிட ஓய்வில் அங்கே யாரும் போக மாட்டார்கள். மணல் நிரப்பிய உலோகத் தொட்டியும் அவசியம். சிகரெட் முனையில் பஞ்சு போலத் தெரிவது பெரும்பாலும் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் இழை. கால்வாயில் விழுந்தால் அது கடலுக்குத்தான் போகும்.

வசதி செய்துகொடுத்தால் பழக்கம் வளராதா என்று சிலர் கேட்கிறார்கள். என் தந்தையை நுரையீரல் நோய்க்குப் பறிகொடுத்த நான், இந்தப் பழக்கத்துக்காகப் பரிந்து பேசவில்லை. அங்கே இருக்கையோ பானம் விற்கும் இயந்திரமோ வேண்டாம். பழக்கத்தை விட உதவும் சுகாதார மேம்பாட்டு வாரியத் திட்டத்தின் விவரத்தை நான்கு மொழிகளிலும் ஒட்டிவைக்கலாம்.

எங்கள் நிர்வாகத்திடம் இவற்றை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தங்கள் வேலையிடத்தில் இதைச் சரியாக அமைத்திருக்கும் வாசகர்கள், அந்த அனுபவத்தை இப்பகுதிக்கு எழுதினால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஜூரோங் வெஸ்ட்