பட்ஜெட் மேல் பழி போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், குறைந்த செலவில் எடுத்த திகில் படங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்துக்கு இரண்டே பத்தி. அதிலும், கையில் காசில்லாமல் எடுத்த படம், குறைகளைப் பெரிதுபடுத்தக் கூடாது என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். எனக்குச் சண்டையே அங்கேதான். காசில்லாததால் வந்த குறை எதுவும் அந்தப் படத்தில் உறுத்தவில்லை, உறுத்துவதெல்லாம் பத்து பைசா செலவில்லாமல் சரிசெய்திருக்கக் கூடியவை.

செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடிருப்பவர்களைத் தின்கிற கதை, 1968-ல் ஜார்ஜ் ரொமேரோ இயக்கிய படம். பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படம் எடுத்துப் பிழைத்த ஆட்கள், சீட்டுப் போடுகிற மாதிரி பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டு ஆரம்பித்து, 1,14,000 டாலர் வாக்கில் முடித்தார்கள். கறுப்பு வெள்ளை, பெரும்பாலும் ஒரே பண்ணை வீடு, ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். முதல் காட்சியையே பாருங்கள். கல்லறைத் தோட்டத்தில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டிருக்க, பின்னால் தூரத்தில் ஒரு ஆள் தள்ளாடி நடந்து வருகிறார், கோட்டுப் போட்ட ஏதோ பெரியவர் என்றுதான் நமக்கும் தோன்றும், அண்ணன்காரன் அந்த ஆளையே காட்டித் தங்கச்சியைப் பயமுறுத்திச் சிரிக்கிறான், கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் அவள் மேலேயே பாய்கிறான். இதற்கு என்ன செலவு? (பிணங்களை உடனே எரித்துவிடுங்கள் என்று படத்தில் டிவியில் சொல்கிறார்கள். நம்மூரில் அதைத் தத்தனேரி சுடுகாட்டிலேயே பார்த்துவிடுகிறோம், இங்கே இந்தக் கதை எடுபடாது.)

கட்டுரையாளர் தொடாமல் விட்டது, பிணங்களுக்குப் பயந்து அந்தப் பண்ணை வீட்டில் அடைந்து கிடப்பவர்களுக்குள் நடக்கிற சண்டையை. கீழே நிலவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம் என்கிறான் ஹாரி, சிடுமூஞ்சி, சுயநலக்காரன். மேலேயே இருந்து ஜன்னலுக்குப் பலகை அடிப்போம் என்கிறான் பென், நல்லவன், துணிச்சல்காரன். நாம் எல்லாரும் பென் பக்கம். கடைசியில் மேலே ஒருவரும் மிஞ்சவில்லை, பென்னே அந்த நிலவறைக்குள் ஒளிந்துதான் விடியும் வரை உயிரோடு இருக்கிறான். பிடிக்காத ஆள் சொன்னதுதான் சரி என்று எழுத ஒரு தைரியம் வேண்டும். அப்புறம் காலையில் துப்பாக்கியோடு வருகிற ஊர்க்கூட்டம் பென்னையும் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர், படம் முழுக்க அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவன் உடலைக் கொக்கி கொண்டு இழுப்பதைப் புள்ளி புள்ளியாக, பழைய பத்திரிகைப் படங்கள் மாதிரி வரிசையாகக் காட்டுகிறார்கள். வெறும் ஸ்டில்தான், ஆனால் அதுதான் படத்திலேயே கொடூரமான இடம்.

இனி குறைகள். முதல் காட்சியில் அவ்வளவு தூரம் ஓடித் தப்பிய அந்தத் தங்கச்சி பார்பரா, வீட்டுக்குள் வந்தபின் கிட்டத்தட்ட கடைசி வரை சோபாவில் வெறித்து உட்கார்ந்ததோடு சரி. அதிர்ச்சி என்று சமாதானம் சொல்லலாம்தான், ஆனால் அவளுக்கு என்ன வேலை கொடுப்பது என்று எழுதியவர்களுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். பிணங்கள் எழுந்ததற்கு வெள்ளிக் கிரகத்துக்குப் போய்த் திரும்பிய விண்கலத்தின் கதிர்வீச்சுதான் காரணமாக இருக்கலாம் என்று ஒரு விளக்கம், யார் கேட்டார்கள்? அதைவிட மோசம், தப்பித்துப் போக வண்டிக்குப் பெட்ரோல் போடுகிற காட்சி. எரிகிற தீப்பந்தம் பக்கத்திலேயே கிடக்க, பம்பின் பூட்டைத் துப்பாக்கியால் சுட்டு, பெட்ரோலைக் கண்டபடி சிந்தி, வண்டியோடு இரண்டு பேர் எரிந்து போகிறார்கள். பங்கில் செல்போனை எடுத்தாலே ஏச்சு வாங்குகிற நமக்கு அது பயமாக இல்லை, எரிச்சலாக இருக்கிறது. இதில் எந்தக் குறைக்குக் காசு வேண்டும்?

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'மிருதன்' வந்ததிலிருந்து நம் பையன்களுக்கும் ஜாம்பி, அதாவது நடமாடும் பிணங்கள் மேல் மோகம், நாகமலை அடிவாரத்தில் செல்போனை வைத்தே குறும்படம் எடுக்கிறார்கள். மேக்கப் அருமை, யார் எதற்கு ஓடுகிறார்கள் என்றுதான் புரிவதில்லை. கேட்டால், "பட்ஜெட் இல்லண்ணே." உங்கள் கட்டுரை மாதிரி எழுதினால் அவர்கள் அதையேதான் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. இந்தப் படத்தின் பெரிய நஷ்டமும் கவனக்குறைவால் வந்ததுதான். விநியோகஸ்தர் படத்தின் பெயரை மாற்றியபோது காப்புரிமை அறிவிப்பைப் புதிய டைட்டிலில் போட மறந்துவிட, அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பிரதி போட்டுச் சம்பாதித்தார்கள். அதனால்தான் இன்று யூடியூபில் ஓசியில் கிடைக்கிறது. பார்ப்பவர்கள் கறுப்பு வெள்ளையிலேயே பாருங்கள், பிற்பாடு வண்ணம் பூசிய பதிப்பு ஒன்றில் பிணங்களுக்குப் பச்சை நிறம் அடித்து வைத்திருக்கிறார்கள், பயத்துக்குப் பதில் சிரிப்புதான் வரும்.

- ஒரு வாசகர், செல்லூர், மதுரை