மார்கழிக்கு வேண்டாம், ஆனிக்கு வா

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கதைக்கும்போது மார்கழிக்குத் திருகோணமலைக்கு வர டிக்கட் பார்க்கிறேன் என்று சொன்னாய். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு மனம் ஒப்பவில்லை. போனிலேயே சொன்னால் "ஏனம்மா, நாங்கள் வருவது விருப்பமில்லையா?" என்று கேட்பாய், எனக்கும் பதில் சரியாக வராது. அதனால்தான் ஆறுதலாக உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த மார்கழிக்கு வர வேண்டாம் மகன். அடுத்த ஆனியில் வாருங்கள்.

காரணம் சின்னவள்தான். போன மாதம் வீடியோவில் ஒரு படம் வரைந்து காட்டினாளே, அதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். "இது அப்பம்மாவின் ஊர்" என்றாள். தாள் முழுக்கச் சாம்பல் நிறம். மேலிருந்து கீழே கோடு கோடாக மழை. கடலுக்கும் மண்ணிறம் பூசியிருந்தாள். திண்ணையில் நான் குடையோடு நிற்கிறேன்.

பிள்ளை பொய்யாக ஒன்றும் வரையவில்லை. இரண்டு முறை வந்திருக்கிறாள், இரண்டும் மார்கழி. போன முறை ஐந்து கிழமை நின்றீர்கள். அதில் எத்தனை நாள் வெயில் பார்த்தோம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். வாடைக்காற்றுக் காலத்தில் நம்முடைய கடல் கடலாக இருக்காது. கலங்கி, இரைந்து, கரையை அறுத்துக்கொண்டு கிடக்கும். அவள் தண்ணீருக்குப் பக்கத்தில் போனாலே நான் கையைப் பிடித்து இழுத்துவிடுவேன். 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு அந்த மாதத்துக் கடலைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும், உனக்குத் தெரியும். அந்தப் பயத்தைத்தான் பிள்ளைக்குக் காட்டி அனுப்பினேனே தவிர, கடலைக் காட்டவில்லை.

இங்கே இப்போது ஆடி. கடல் எப்படிக் கிடக்கிறது தெரியுமா?

விடிய ஐந்தரைக்கு டச்சுக்குடாவுக்கு நடக்கப் போகிறேன். வைகாசியில் தொடங்கினேன், டொக்டர் சொல்லித்தான். இப்போது யாரும் சொல்லத் தேவையில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் நின்றால் கால் நகம் தெரிகிறது. நகத்தில் ஒட்டியிருக்கும் மணல் தெரிகிறது. அசையாமல் நின்றால் ஊசி மாதிரி மீன்குஞ்சுகள் கூட்டமாக வந்து குதிகாலைக் கொத்திப் பார்க்கும். ஒரு விரலை அசைத்தால் போதும், எல்லாம் ஒன்றாகத் திரும்பி ஓடிவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும். நேற்று இதையே பார்த்துக்கொண்டு நின்றதில் சூரியன் நன்றாக மேலே வந்துவிட்டது. சின்னவள் பக்கத்தில் நின்றிருந்தால் என்ன சத்தம் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

திரும்பும்போது கோட்டை வாசல் பக்கமாக வருவேன். மான்கள் அந்த நேரம் மரத்தடியில் படுத்திருக்கும். முன்பு மரக்கறித் தோல் கொண்டுபோய்க் கொடுப்பேன், இப்போது விட்டுவிட்டேன். ஆட்கள் சாப்பாட்டைச் சொப்பிங் பேக்கோடு போட்டுவிட்டுப் போக, அவையும் பேக்கோடு விழுங்கிச் சாகின்றன. அதனால் வழியில் கிடக்கும் பேக் இரண்டு மூன்றைப் பொறுக்கிக்கொண்டு வருகிறேன். என்னைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் பொறுக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

மீனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கடல் அடங்கியிருப்பதால் கரைவலை நன்றாக வளைக்கிறார்கள். போன சனிக்கிழமை உப்புவெளிப் பக்கம் ஒரு வலை கரையேறும்போது பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றை இடுப்பில் கொடுத்துப் பின்பக்கமாக நடந்து நடந்து இழுக்கிறார்கள். மடி கரைக்கு வந்ததும் சூடை மீன் வெள்ளிக் காசு கொட்டினது போலத் துள்ளியது. காகம் ஒரு பக்கம், பூனை ஒரு பக்கம். அங்கேயே ஒரு கிலோ வாங்கி வந்தேன். பாதிக்கு மஞ்சளும் உப்பும் தூளும் பிரட்டி, முள்ளும் நொறுங்கும் அளவுக்குப் பொரித்தேன். மிச்சத்தை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். குழல் புட்டுக்கு அந்தக் குழம்பு. உன் அப்பா இருந்திருந்தால் இன்னொரு புட்டு கேட்டிருப்பார்.

பத்து மணிக்கு மேல் கச்சான் காற்று எழும்பிவிடும். மேற்கே காய்ந்த நிலமெல்லாம் தாண்டி வரும் காற்றல்லவா, முகத்தில் அனலாக அடிக்கும். வெயில் 35 பாகைக்கும் மேலே போகிறது. நீ பயப்படுவது இதற்குத்தான், தெரியும். ஆனால் அந்த நேரம் யார் வெளியே போகப் போகிறார்கள்? கதவைச் சாத்தி, சீமெந்து நிலத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டுப் பாயும் போடாமல் படுத்தால் முதுகு குளிர்கிறது. நீ சின்னவனாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டு வந்து சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அதே இடத்தில்தான் விழுந்து படுப்பாய். கச்சானால் எனக்கு நன்மையும் உண்டு. மோர்மிளகாய் மூன்று நாளில் சலசல என்று காய்ந்துவிட்டது. உனக்கென்று ஒரு போத்தல் எடுத்து வைத்திருக்கிறேன்.

பின்னேரம் தயிர். கிண்ணியாவில் இருந்து எருமைத் தயிர் சட்டியோடு வருகிறது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத கட்டித் தயிர், மேலே விரல் தடிப்பில் ஆடை. கித்துள் பாணி ஊற்றித் தின்றால் இராச்சாப்பாடு தேவையில்லை. நான் கிண்ணியாவில் படிப்பித்த காலத்தில் பாலம் இல்லை, பாதை என்று சொல்லும் மிதவைப் படகில்தான் கடக்க வேண்டும். பாதை அக்கரையில் நின்றுவிட்டால் உச்சி வெயிலில் குடையோடு காத்து நிற்போம். 2009இல் பாலம் திறந்த பிறகு அதெல்லாம் இல்லை. வாகனத்தில் ஏறினால் நினைத்து முடிக்குமுன் அக்கரை. எத்தனையோ நாள் அந்தப் பாதையில் மடியில் தயிர்ச்சட்டியை வைத்துக்கொண்டு உனக்காகக் கொண்டு வந்திருக்கிறேன். அதே தயிரைச் சின்னவளுக்கு ஊட்ட வேண்டும் என்று ஆசை.

பாலைப்பழம் நினைவிருக்கிறதா? இந்த முறை நல்ல காய்ப்பு. சந்தை வாசலில் ஒரு அம்மா பெட்டியில் குவித்து வைத்துச் சுண்டுப் பேணியால் அளந்து கொடுக்கிறார். மஞ்சள் மஞ்சளாக, விரல் நுனி அளவு, தேன் இனிப்பு. நாலைந்து தின்றதும் உதடு இரண்டும் பாலில் ஒட்டிக்கொள்ளும். நீ வாயைத் திறக்க முடியாமல் கையால் காட்டிக்காட்டிக் கேட்பாய், நான் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவேன். இந்தப் பழத்தைப் பார்சலில் அனுப்ப முடியாது. மறுநாளே புளித்துவிடும். ஆனி ஆடியில் இங்கே வந்துதான் தின்ன வேண்டும்.

இனி எழுதப் போவதை நீ நம்ப மாட்டாய். போன வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் பூசைக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லில் கால் வைக்க முடியவில்லை, நிழலுக்கு நிழல் ஓடித்தான் போனேன். பூசை முடிந்து மலை விளிம்பில் காற்றுக்கு நின்றபோது ஒரு பொடியன் "அங்கே, அங்கே" என்று கையை நீட்டினான். தூரத்தில், நீலம் கறுக்கும் இடத்தில், வெள்ளைப் புகை மாதிரி ஒன்று நேரே எழும்பிக் கலைந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு ஒரு நீண்ட கரிய முதுகு மெல்ல உருண்டு உள்ளே போனது. திமிங்கிலம் மகன்! எனக்கு 67 வயது, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், இதுதான் முதல் தரம். நம்முடைய துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு இருப்பதால் அவை இவ்வளவு கிட்ட வருகின்றனவாம். பங்குனி தொடங்கி ஆவணி வரை காணலாம் என்று படகுக்காரர்கள் சொல்கிறார்கள். உலகத்திலேயே பெரிய உயிர், கோயில் மணிச் சத்தம் கேட்கும் தூரத்தில் மூச்சு விடுகிறது. மார்கழியில் வந்தால் இதை எப்படிக் காட்டுவேன்?

பொழுது பட்ட பிறகு டச்சுக்குடாவில் ஊரே வந்து உட்கார்ந்திருக்கும். இறால் வடை, அவித்த கச்சான் கடலை, தூளும் உப்பும் தூவின மாங்காய்த் துண்டு. தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் எல்லாம் ஒரே மணலில் உருண்டு விளையாடுகின்றன. எந்தப் பிள்ளை யாருடையது என்றே விளங்காது. உங்கள் காலத்தில் இந்த நேரத்துக்கு வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு இருப்போம். இப்போது இரவு எட்டு மணிக்குத் தனியாக நடந்து வீட்டுக்கு வருகிறேன். எனக்கு இதைவிடப் பெரிய சந்தோசம் இல்லை.

அங்கே அவுஸ்திரேலியாவில் ஆனிக் கடைசியில் பள்ளிக்கு இரண்டு கிழமைதான் விடுமுறை என்று தெரியும். மார்கழியில் ஐந்து கிழமை நிற்கலாம், இதில் இரண்டுதான். கணக்குப் பார்த்தால் எனக்குத்தான் நட்டம். மார்கழிக்கு வந்தால் ஐந்து மாதத்தில் உங்களைப் பார்ப்பேன், ஆனி என்றால் பதினொரு மாதம் காத்திருக்க வேண்டும். எல்லாம் யோசித்துத்தான் எழுதுகிறேன். இரண்டு கிழமை போதும். கொழும்பில் இறங்கின அன்றே இரவு ரயில் எடுங்கள், விடிய இங்கே வந்துவிடலாம். நேரே கடலுக்குப் போவோம், பெட்டியைப் பிறகு பிரிக்கலாம். உங்களுக்கு அது குளிர் காலம்தானே, மருமகளுக்கும் இந்த வெயில் நல்லதாக இருக்கும். அவளிடமும் கேட்டுவிட்டு எனக்கு ஒரு கோல் எடு. அதுவரை டிக்கட் போடாதே.

அன்புடன்,
அம்மா

பி.கு: சின்னவளை நீச்சல் வகுப்பில் சேர்த்திருப்பதாகச் சொன்னாய். குளிர் என்று நிறுத்திவிடாதே.