இரசத்தைக் காட்டும் மூலக்கூறுகளை வன்னிக் கிணற்று நீரிலும் சோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீரில் கரைந்துள்ள இரச அயன்களை (பாதரசத்தின் மின்னேற்றமுள்ள துகள்களை) பற்றிக்கொண்டு நிறம் மாறும் செயற்கை மூலக்கூறுகள் குறித்துத் தங்கள் பத்திரிகையில் வெளியான கட்டுரையை, உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் கற்பிப்பவன் என்ற முறையில் மகிழ்ச்சியுடன் வாசித்தேன். ஆயினும், வீட்டுக் கிணறுகளைச் சோதிக்க அவை விரைவில் பயன்படும் என்ற அதன் முடிவை அப்படியே ஏற்க முடியவில்லை.

இரசம் கந்தகத்தோடு மிக உறுதியாகப் பிணையும் இயல்புடையது. அதனாலேயே இம்மூலக்கூறுகள் பலவற்றில் கந்தக அணுக்கள் பொருத்தப்படுகின்றன. றோடமீன் சாயத்திலிருந்து ஆக்கப்படும் ஒரு வகையில், நிறமற்ற மூலக்கூறின் மூடிய வளையம் இரச அயன் வந்து சேர்ந்ததும் திறந்துகொள்ள, கரைசல் இளஞ்சிவப்பாகி ஒளிரவும் தொடங்குகிறது. மாணவருக்குக் காட்ட இதைவிட அழகான தாக்கம் அரிது.

ஆனால், குடிநீரில் அசேதன இரசத்துக்கு, அதாவது காபனோடு பிணையாத இரசத்துக்கு, உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 6 மைக்கிரோகிராம் மட்டுமே. நிறமாற்றம் வெறுங்கண்ணுக்குப் புலப்படப் பெரும்பாலும் மைக்கிரோமோலார் அளவில் இரசம் வேண்டும். 1 மைக்கிரோமோலார் என்பதே லீற்றருக்கு ஏறத்தாழ 200 மைக்கிரோகிராம். இம்மூலக்கூறு பூசிய சோதனைத் தாளின் நிறம் மாறாததைக் கண்டு நீர் பாதுகாப்பானது என்று ஒரு குடும்பம் நம்பிவிடுமானால், அத்தகைய சோதனை இல்லாதிருப்பதே மேல்.

மேலும், இவற்றுட் பல சேதனக் கரைப்பான் கலந்த தூய நீரிலேயே சோதிக்கப்பட்டவை. எங்கள் வன்னியின் பூநகரியிலோ உவர்ப்பேறிய கிணறுகள் உள்ளன. அந்நீரின் குளோரைட்டு அயன்களும் இரசத்தைப் பிணைத்துக்கொள்வதால், மூலக்கூறுக்குக் கிடைக்கும் இரசம் குறையக்கூடும். இரசத்தின் எல்லா வடிவங்களையும் இவை காட்டும் என்றும் இல்லை. மீனிலுள்ள இரசம் பெரும்பாலும் காபனோடு பிணைந்த மெதைல் இரசம். யப்பானின் மினமாட்டாவில் 1956 இல் வெளித்தெரிந்த நோய்க்குக் காரணமும் அதுவே. இரச அயனுக்கென ஆக்கப்பட்ட மூலக்கூறு அதையும் காட்டும் என்று கொள்வதற்கில்லை.

எங்கள் கிணறுகளில் இரசம் கலந்துள்ளது என்று நான் கூற வரவில்லை. இரசம் அடங்கிய உடைந்த வெப்பமானிகளும் பழுதான சீஎஃப்எல் மின்குமிழ்களும் குப்பைக்குழிக்குள் போகும் ஊர்களில், அது கலக்கவில்லை என்பதை அறிய நம்பத்தக்க வழி வேண்டும் என்கிறேன். கிளிநொச்சியின் அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இயங்குகின்றன. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே உண்டு. அங்குள்ள ஆய்வாளர்கள் உவர்க் கிணற்று நீரையும் நன்னீர்க் கிணற்று நீரையும் எடுத்து, தெரிந்த அளவு இரசத்தை ஆய்வுகூடத்தில் சேர்த்து, மூலக்கூறுகள் தரும் முடிவை உலோகங்களின் அளவைத் துல்லியமாக அளக்கும் கருவியான அணு உறிஞ்சல் நிறமாலைமானியின் அளவீட்டோடு ஒப்பிட்டு, எந்த அளவுக்குக் கீழே அவை எதையும் காட்டமாட்டா என்பதையும் சேர்த்துத் தமிழில் வெளியிட வேண்டும். சோதித்து முடிந்த கழிவுநீரை மண்ணில் ஊற்றாமல் பாதுகாப்பாக அகற்றும் ஏற்பாடும் அப்பணியின் தொடக்கத்திலேயே செய்யப்பட வேண்டும்.

இங்ஙனம்,
இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர்,
கிளிநொச்சி.