சுடலைமாடன் கதை சிடிக்குள்ளேயே இருக்கிறது

அன்புள்ள செல்வராஜுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மகளுக்குத் தூத்துக்குடியிலேயே வேலை அமைந்ததில் எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காலையில் பேப்பர் வந்ததும் முதல் ஆளாக எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, அப்பாவின் வில்லுப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். அப்பா பாடியதைப் பதிந்து வைத்த சிடியை லேப்டாப்பில் போட்டால் கடைசியாகச் சேர்த்த கொடை விழாப் போட்டோக்கள் மட்டும்தான் தெரிகின்றன, முத்துப்பட்டன் கதை, சுடலைமாடன் கதை எல்லாம் அழிந்துபோயிற்று என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் மனசு கனத்துவிட்டது. ஆனால் அடுத்த பத்தியிலேயே, வீட்டிலுள்ள பழைய டிவிடி பிளேயரில் முத்துப்பட்டன் மட்டும் பாடுகிறது என்கிறாய். அழிந்த பாட்டு எப்படிப் பாடும்? எதுவும் அழியவில்லை செல்வா.

நம் சிடி, அழித்து எழுத முடியாத சிடி-ஆர் வகை. அந்த வட்டில் ஒரு சாயப் படலம் இருக்கிறது. லேசர் அதைச் சுட்டுத்தான் எழுதுகிறது. சுட்ட இடம் சுட்டதுதான், யாராலும் பழையபடி ஆக்க முடியாது. அதனால் நாம் பிற்பாடு சேர்த்தது எல்லாம் பழையதற்கு வெளியே, மிச்சமிருந்த காலி இடத்தில்தான் போய் உட்கார்ந்திருக்கும். சிடியின் அடிப்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார். நடுவிலிருந்து கொஞ்ச தூரம் ஒரு நிறம், அப்புறம் மெல்லிய கோடு, மறுபடி அதே நிறம், மறுபடி கோடு, விளிம்புப் பக்கம் எழுதாத இடம் வேறு சாயலில் தெரியும். அந்தப் பட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு செஷன், அதாவது ஒரு தடவையில் எழுதி மூடிய பகுதி. முத்துப்பட்டன் முதல் பட்டையில், சுடலைமாடன் நடுப்பட்டையில், போட்டோக்கள் கடைசியில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு செஷனிலும் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று ஒரு பொருளடக்கம் தனியாக எழுதப்படும். முறையாகத் தொடர்ந்தால், ரைட் பண்ணும் மென்பொருள் முந்தைய பொருளடக்கத்தைப் படித்து, பழைய பெயர்களையும் புதுப் பெயர்களையும் சேர்த்து ஒரே பட்டியலாக எழுதும். நாம் சிடி எழுதப் பயன்படுத்திய நீரோ மென்பொருளில் மல்டிசெஷனை (பல தடவையாகச் சேர்த்து எழுதுவதை)த் ‘தொடங்கு’, ‘தொடர்’ என்று இரண்டு தேர்வுகள் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். கடைசியாகப் போட்டோக்களைச் சேர்த்துக் கொடுத்த ப்ரவுசிங் சென்டரில் ‘தொடர்’ கொடுக்காமல் எழுதியிருக்க வேண்டும். அதனால் கடைசிப் பொருளடக்கத்தில் போட்டோக்களின் பெயர் மட்டும் இருக்கிறது. கம்ப்யூட்டர் கடைசி செஷனின் பட்டியலைத்தான் நம்பும். பழைய பிளேயர்கள் சில முதல் செஷனோடு நின்றுவிடும். நடுவில் மாட்டிக்கொண்ட சுடலைமாடன் இரண்டுக்குமே தெரியவில்லை, அவ்வளவுதான்.

இப்படி மிஷினுக்கு மிஷின் பார்வை மாறுவது ஆதியிலிருந்தே உண்டு. ஃபிலிப்ஸும் சோனியும் எழுதும் சிடிக்கான ஆரஞ்சு புத்தக விதிகளை 1990இல் கொண்டுவந்தார்கள். 1992இல் கோடாக்கின் போட்டோ சிடி கடைக்கு வந்தது. ஒரு ஃபிலிம் ரோலைக் கழுவக் கொடுத்து வட்டில் ஏற்றிக்கொள்ளலாம், அடுத்த ரோலுக்கு அதே வட்டைத் திரும்பக் கொடுக்கலாம், ஏறக்குறைய நூறு படம் வரை பிடிக்கும். ஆனால் அதற்கு முன் வாங்கிய சிடி டிரைவ் பலவற்றில் முதல் தடவை ஏற்றிய படங்கள் மட்டும்தான் வரும். அப்புறம் பாட்டு சிடிக்காரர்கள் இந்தக் குணத்தையே சாதகமாக்கிக்கொண்டார்கள். முதல் செஷனில் பாட்டு, இரண்டாவதில் கம்ப்யூட்டருக்கான படமும் வீடியோவும். பாட்டு பிளேயர் இரண்டாவதை எட்டியே பார்க்காது. எனக்கு இன்றைக்கும் அது ரொம்பப் பிடித்த யோசனை.

இன்னொன்றும் சொல்கிறேன். 700 எம்பி சிடி பாதியிலேயே நிறைந்துவிட்டது என்று நீ அடிக்கடி குறைப்படுவாய். ஒவ்வொரு செஷனுக்கும் முன்னும் பின்னும் வேலி போட வேண்டும். முதல் செஷனை மூட சுமார் 22 எம்பி, அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 எம்பி போய்விடும். நாலு எம்பி பாட்டு ஒன்றைத் தனியாகச் சேர்த்தால் பாட்டைவிட வேலிக்கே மூன்று மடங்கு இடம்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில், அந்த சிடியில் இனி எதையும் சேர்க்காதே. ஐசோபஸ்டர் என்ற மென்பொருளில் திறந்தால் செஷன்கள் எல்லாம் தனித்தனியாக வரிசையில் தெரியும். நடு செஷனைத் திறந்து ஃபைல்களை ஹார்ட் டிஸ்கில் இறக்கிக்கொள், பிறகு மற்ற இரண்டையும். வழக்கமாக காப்பி பண்ணினால் கடைசிப் பட்டியலில் உள்ளது மட்டும்தான் வரும், அதை நம்பாதே. ஒவ்வொரு பாட்டையும் கடைசி வரை ஓடவிட்டுக் கேள். சாயப் படலம் வெயிலிலும் புழுக்கத்திலும் கெடும், விளிம்புப் பக்கம் திக்கினால் மெதுவாகப் படிக்கும் வேறொரு டிரைவில் முயற்சி செய்.

சிடியின் மேல்பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பிய்த்து எடுக்காதே. பலர் அடிப்பக்கத்தை மட்டும் பொத்திப் பொத்திப் பாதுகாப்பார்கள். உண்மையில் எழுத்து இருக்கும் படலம் மேல்பக்கம் ஒரு மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. ஸ்டிக்கரோடு அதுவும் உரிந்து வந்தால் எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது.

எடுத்த பிறகு இரண்டு ஹார்ட் டிஸ்கில் வை, ஒன்று உன் தம்பி வீட்டில் இருக்கட்டும். புது சிடியிலும் போட நினைத்தால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுதி மூடிவிடு. 2025 பிப்ரவரியோடு சோனி, எழுதும் ப்ளூ-ரே வட்டுகள் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. புது லேப்டாப்பில் டிரைவும் வருவதில்லை. உடுக்கையும் குடமும் கூடவே வர அப்பா பாடிய அந்த முழுக் கதை வேறு யாரிடமும் இல்லை என்பது உனக்குத் தெரியும், அதனால் இந்த மாதமே செய்துவிடு.

என்னிடம் யூஎஸ்பி டிரைவ் ஒன்று இருக்கிறது, பழைய வட்டுகளைப் பொறுமையாகப் படிக்கும். உன்னால் முடியாவிட்டால் ஒரு போன் பண்ணு, எடுத்துக்கொண்டு வருகிறேன். சிடியைக் கூரியரில் மட்டும் அனுப்பிவிடாதே. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கணேசன்