சேரன்மகாதேவியில் ஏறிய அக்காவுக்கு

போன மாதம் அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு வந்த பஸ்ஸில் அப்பாவுக்குத் திடீரென்று முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, கிழிப்பது போல் வலி. வாயுதான் என்று நினைத்துச் சோடா வாங்கிக் கொடுத்தேன் (எங்கள் வீட்டில் எல்லா வலிக்கும் முதலில் சோடாதான்). சேரன்மகாதேவியில் ஏறிய நீங்கள் அப்பாவின் செருப்பைக் கழற்றி இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்த்தீர்கள். "இடது கால் சில்லுன்னு இருக்கு, நாடியும் கிடைக்கல. இது வாயு இல்ல தம்பி, சி.டி. ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேரா போயிருங்க" என்றீர்கள். கண்டக்டரிடம் பேசி வண்டியை விரட்டச் சொன்னதும் நீங்கள்தான்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியின் உள்சுவர் கிழிந்து, சுவருக்குள்ளேயே ரத்தம் புகுந்து, காலுக்குப் போகும் வழியை அடைத்திருந்தது ஸ்கேனில் தெரிந்தது. நெஞ்சைத் திறக்கவில்லை. தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாகத் துணி போர்த்திய கம்பிவலைக் குழாயை, அதாவது ஸ்டென்ட்டைச் செலுத்தி, கிழிசலின் வாயை மூடினார்கள். அன்றிரவே காலில் சூடு திரும்பிவிட்டது. பிரஷர் மாத்திரை மட்டும் ஆயுசுக்கும்.

ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்த அவசரத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி அக்கா. பச்சை மூடி போட்ட உங்கள் தண்ணீர் பாட்டில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.