வக்கீல் நோட்டீஸ் வந்த வீட்டிலிருந்து

நெல்லைப் பக்கத்து மருத்துவர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நான் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் ஆபரேஷன் செய்யும் ஒரு டாக்டரின் மனைவி. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் ரிஜிஸ்டர் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்தான்.

இவரிடம் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் இறந்துபோன விஷயம். அந்தக் குடும்பத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. வீட்டில் ஒரு ஆளைப் பறிகொடுத்தவர்கள் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள்.

சங்கம் வக்கீல் பிடித்துக் கொடுத்தது, இன்சூரன்ஸுக்கு எழுதியது. குறை சொல்ல மாட்டேன். "கேஸ் ஷீட்ல ஒரு புள்ளிகூடத் திருத்தாதீங்க, யார்கிட்டயும் பேசாதீங்க" என்றார் வக்கீல். முதலாவது சரி. இரண்டாவதை, என்னிடம்கூடப் பேசக்கூடாது என்று இவர் எடுத்துக்கொண்டார். ராத்திரி இரண்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் கேஸ் ஷீட் ஜெராக்ஸை விரித்து, 11.40 என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். வ.உ.சி. மைதானத்துக்கு நடக்கப் போவது நின்றது. அங்கே நடப்பவர்களில் பாதிப்பேர் டாக்டர்கள். கொஞ்சம் சிக்கலான கேஸ் என்றாலும் ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பினார்.

ஒரு நாள் என்னிடம், "போலீஸ் வருமா?" என்று கேட்டார். முப்பது வருஷம் கத்தி பிடித்த மனுஷன். வந்திருந்ததோ நுகர்வோர் ஆணையத்தில் நஷ்டஈட்டு வழக்கு. காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து நடக்கிற வகைதான். கிரிமினல் வழக்கு வேறு. அதற்குச் சாதாரணத் தவறு போதாது, பெரும் அலட்சியம் வேண்டும், போலீஸ் முதலில் வேறொரு டாக்டரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-லேயே தீர்ப்பு இருக்கிறது. இவருக்குத் தெரியாததா என்ன? பயம் வந்த இடத்தில் படிப்பு நிற்கவில்லை.

அப்புறம் ஒரு சாயங்காலம் தச்சநல்லூரிலிருந்து ஒரு சீனியர் டாக்டர் வந்தார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எனக்கும் ஒரு கேஸ் நடந்துச்சுல்லா. நாலு வருசம். முதல் ஆறு மாசம் சோறு எறங்கல" என்றார். இருட்டும்வரை இரண்டு பேரும் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு இவர் மூன்றாவது தோசை கேட்டார்.

அவரை யாரும் அனுப்பவில்லை. ஏதோ கல்யாண வீட்டில் கேள்விப்பட்டு வந்தவர். அதைத்தான் நீங்கள் ஏற்பாடாகச் செய்ய வேண்டும். வழக்கைப் பார்த்த நாலைந்து பெரியவர்களின் பெயரை எழுதி வையுங்கள். நோட்டீஸ் வந்த வாரத்திலேயே ஒருவர் அந்த வீட்டுக்குப் போகட்டும். போனில் வேண்டாம், நேரில். கேஸ் விவரம் பேசாமல் இருந்தால் வக்கீலுக்கும் தொந்தரவில்லை. மனநல டாக்டரைப் பாருங்கள் என்று நான் சொன்னால் கேட்காதவர், அவர் சொன்னால் கேட்பார்.

எங்கள் வழக்கு இன்னும் வாய்தாவில்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பட்டியலில் இவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டேன். "சரி, எழுது" என்றார்.